பச்சைத் தண்ணீருக்கு என்ன நிறம்?

சென்ற பொங்கல் விடுமுறையில் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். ஆறு வயது. காலையில் எழுந்ததும் கிணற்றடி வாளியை நோக்கி ஓடியவளை அம்மா தடுத்தார்: “பச்சத்தண்ணியில குளிக்காதடி, சளி புடிக்கும். வெந்நி வெச்சிருக்கேன்.” அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. “பச்சையா இல்லையே அம்மாச்சி?”

அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அறுபது வருடமாகப் பச்சைத் தண்ணீர் என்று சொல்லி வருபவருக்கு, அதற்குள் ஒரு நிறத்தின் பெயர் இருக்கிறது என்ற நினைப்பே வந்ததில்லை. எனக்கும்தான்.

அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பச்சரிசி வெள்ளை. பச்சைக் கற்பூரம் அதைவிட வெள்ளை. பச்சைக் குழந்தை சிவப்பாகவோ மாநிறமாகவோ இருக்கும். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். ஆறாத புண் பச்சைப் புண். இஞ்சி பூண்டு விழுதைப் ‘பச்சை வாசனை போகும் வரை’ வதக்கச் சொல்கிறார்கள். வாசனைக்கு ஏது நிறம்? பசும்பொன் மஞ்சளாகத்தான் மின்னுகிறது. இதிலெல்லாம் பொதுவாக இருப்பது நிறமல்ல, நிலை. இன்னும் வேகாதது, காயாதது, முற்றாதது, ஆறாதது, கலப்பில்லாதது. நெல்லை அவிக்காமல் குத்தினால் பச்சரிசி, அவித்துக் குத்தினால் புழுங்கலரிசி. பச்சை விறகு என்றால் ஈரம் போகாத விறகு. அடுப்பில் வைத்தால் புகையும், எரியாது.

நிறம் என்பது கண்ணின் விஷயம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வெளியே ஒரு நிறம் இருக்கிறது, கண் அதைப் பார்க்கிறது, வாய் அதற்கொரு பெயர் வைக்கிறது. இந்த வரிசை எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. தமிழ் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அதில் பாதியாவது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன் 1858இல் பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரைப் பற்றி மூன்று பாகங்களில் ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டார். அதில் ஒரு பகுதி நிறங்களைப் பற்றியது. ஹோமர் கடலை ‘திராட்சை மது போன்றது’ என்கிறார். அதே சொல்லை எருதுகளுக்கும் போடுகிறார். ஆட்டு ரோமம் ஊதாப்பூ நிறம், இரும்பும் ஊதாப்பூ நிறம். ‘க்ளோரோஸ்’ என்றொரு சொல். பிற்காலக் கிரேக்கத்தில் அது பச்சை. ஹோமரிடம் தேன் க்ளோரோஸ். பயந்தவனின் முகம் க்ளோரோஸ். ஒற்றைக் கண் அரக்கனின் குகையில் கிடந்த ஒலிவ மரத் தடியும் க்ளோரோஸ். இத்தனை பெரிய கவிஞன் இவ்வளவு குழப்பமாகவா நிறம் பார்த்திருப்பான்? கிளாட்ஸ்டன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: அந்தக் காலக் கிரேக்கர்களுக்கு நிறத்தை உணரும் உறுப்பு முழுதாக வளர்ந்திருக்கவில்லை. 1877இல் ஹூகோ மாக்னுஸ் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதையே நீட்டி, மனிதனின் விழித்திரை சில ஆயிரம் ஆண்டுகளில் படிப்படியாக நிறங்களைக் கற்றுக்கொண்டது என்று எழுதினார்.

இப்போது அந்தக் க்ளோரோஸ் பட்டியலை நம் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அந்த ஒலிவத் தடியைத் தணலில் வைத்தபோது, க்ளோரோஸாக இருந்தும் அது தீப்பிடிக்கப் போனது என்று ஹோமர் சொல்கிறார். அதாவது பச்சை விறகு! பயந்த முகத்தின் வெளிறல், நம்மிடம் பிரிவில் வாடும் பெண்ணின் மேல் படரும் பசலை. தேனுக்கு நம் பசும்பொன்னை நினைத்துக்கொள்ளலாம். பசுமை, பச்சை, பசலை, பசப்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. புதியது, ஈரமானது, வெளிறியது, மஞ்சள் தட்டிய பச்சை எல்லாம் ஒரு சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டு வாழ முடியும் என்பது நமக்கு அதிசயமே இல்லை. ஹோமரின் கண்ணில் கோளாறு என்றால் வள்ளுவருக்கும் அதே கோளாறுதான். பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

கண்ணையே சோதித்துப் பார்க்கலாம் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே இருக்கிற டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன குழுவில் அவர் இருந்தார். சாய நூல்களையும் கருவிகளையும் காட்டி அங்குள்ளவர்களைச் சோதித்தார். அவர்களின் நிறப் பெயர்களில் பல, பொருள்களின் பெயரிலிருந்தே வந்தவை. சிவப்புக்கான சொல் இரத்தத்திலிருந்து வந்தது. நீலத்துக்குச் சொந்தச் சொல் இல்லாமல், ஆங்கில ‘புளூ’வையே இரட்டித்து ‘புலுபுலு’ என்று சொல்லிக்கொண்டார்கள். பளிச்சென்ற நீல வானத்துக்கும் அட்டைக் கருப்புக்கும் ஒரே சொல்லைச் சொல்வது அவர்களில் விவரமானவர்களுக்கும் இயல்பாகவே இருந்தது. ஆனால் நூல்களைப் பிரித்து இனம் சேர்க்கச் சொன்னால் ஒழுங்காகச் சேர்த்தார்கள். ரிவர்ஸ் பாவம், இதைப் பார்த்த பிறகும் பழைய கருத்தை முழுதாக விடவில்லை. நீலத்தை உணர்வதில் கொஞ்சம் மந்தம் இருக்கலாம் என்றே எழுதி வைத்தார். அங்கிருந்து திரும்பிய மூன்று வருடத்தில் அவர் நம் நீலகிரிக்கு வந்தார். 1901-02இல் தோடர்களோடு தங்கி, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். தோடர்களின் நிறப்பார்வையையும் அங்கே சோதித்தார்.

கண்ணில் கோளாறு இல்லை, சரி. அப்படியென்றால் அந்தச் சொற்கள் எதைத்தான் குறித்தன? நான் படித்தவரையில் இதற்கு மிக அழகான பதில் 1955இல் ஹரால்டு காங்க்லின் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் வருகிறது. பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் மலைக்காட்டு வேளாண்மை செய்யும் ஹனுனோ மக்களிடம் அவர் வேலை செய்தார். ‘நிறம்’ என்பதற்கே அவர்கள் மொழியில் நேரான சொல் இல்லை. நிறங்களைப் பொதுவாகச் சொல்வதற்கு அவர்களிடம் இருந்தவை நான்கு சொற்கள். தோராயமாகக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று பெயர்க்கலாம். ஆனால் புதிதாக வெட்டிய மூங்கிலின் உள்பக்கம், ஈரத்தோடு பளபளக்கும் பழுப்பு, அவர்களுக்குச் சிவப்பில் சேரவில்லை, பச்சையில் சேர்ந்தது. காரணம் அது ஈரமானது, சாறுள்ளது. காய்ந்தது சிவப்பின் பக்கம். வெளிச்சம் இருட்டு ஓர் அச்சு, ஈரம் உலர்வு இன்னோர் அச்சு.

அந்த மூங்கிலை எங்கள் அம்மாவிடம் காட்டினால் ‘பச்சை மூங்கில்’ என்றுதான் சொல்வார்.

அந்த நான்கைத் தமிழில் தேடினால் ஒரு சுவாரசியம் கிடைக்கும். கருங்குரங்கு, வெண்கொக்கு, செம்பருத்தி, பசுங்கிளி. கரு, வெண், செம், பசு என்ற அடிகள் பெயரோடு ஒட்டும்போது வளைந்து நெளிந்து உருமாறுகின்றன: கார், கருங், வெள், வெண், செவ், செங், சே, பசும், பைம், பைங். மொழிக்குள் வெகுகாலம் புழங்கித் தேய்ந்த சொற்கள் இப்படித்தான் இருக்கும். மற்ற நிறங்களுக்கு இந்த நெளிவு கிடையாது. மஞ்சள் ஒரு கிழங்கு. சாம்பல் அடுப்பில் கிடப்பது. பழுப்பு, பழுத்து உதிரும் இலையிலிருந்து வந்தது. நீலம் என்பது மணிக்கும் பூவுக்கும் பெயர். ஊதா உருதுவிலிருந்து வந்து சேர்ந்தது. ஆரஞ்சின் கதை இன்னும் வேடிக்கை. நாரத்தையின் திராவிட மூலம் வடமொழி, பாரசீகம், அரபி, ஸ்பானியம், பிரெஞ்சு என்று ஊர் சுற்றிவிட்டு, ஆங்கிலக் கப்பலில் ஏறி ‘ஆரஞ்சு’ என்று புதுச் சட்டையோடு வீடு திரும்பியிருக்கிறது என்பதே பெரும்பாலான அகராதிகளின் கணிப்பு.

1969இல் பிரெண்ட் பெர்லின், பால் கே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 98 மொழிகளின் நிறச் சொற்களைத் தொகுத்து ஒரு வரிசை சொன்னார்கள். ஒரு மொழியில் இரண்டே சொல் இருந்தால் அவை கருப்பும் வெள்ளையும். மூன்றாவது வந்தால் சிவப்பு. அடுத்து பச்சையோ மஞ்சளோ. நீலம் அதற்குப் பிறகுதான். பழுப்பு, ஊதா, இளஞ்சிவப்பு, சாம்பலெல்லாம் கடைசி. நிறச் சில்லுகள் அடுக்கிய அட்டையைக் காட்டிப் பெயர் கேட்ட முறை பற்றிச் சண்டை இன்றும் ஓயவில்லை. அந்த வரிசையிலும் பின்னால் திருத்தங்கள் வந்தன. அட்டையில் ஈரம் ஏது, வாசனை ஏது? காங்க்லினின் மூங்கிலை அந்த அட்டையில் எங்கே ஒட்டுவது? ஆனாலும் தமிழின் அந்த நான்கு பழைய அடிகளைப் பார்க்கும்போது, வரிசையில் ஏதோ உண்மை இருக்கிறது என்றே படுகிறது.

நீலம் தாமதமாக வந்ததற்கு நம் வீடுகளிலேயே அடையாளம் உண்டு. அப்பத்தாவின் முன்கையில் கோலம் போல ஒரு பச்சை குத்தியிருக்கும். சின்ன வயதில் அந்தப் புள்ளிகளை விரலால் எண்ணிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன். இப்போது நினைவில் கொண்டுவந்து பார்த்தால் அது பச்சையே இல்லை, நீலம் கலந்த சாம்பல். போட்ட மையோ வெறும் கரி, மூலிகைச் சாற்றில் குழைத்தது. கருப்பாகப் போனது தோலுக்கடியில் ஏன் நீலமாகத் தெரிகிறது? தோலின் திசுக்கள் குறுகிய அலைநீள ஒளியை, அதாவது நீலத்தை, அதிகம் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நீண்ட அலைநீளச் சிவப்பு ஆழம் வரை இறங்கிக் கரியில் மாட்டிக்கொள்கிறது. வானம் நீலமாகத் தெரிவதற்கு இது தூரத்துச் சொந்தம். ஆக, பொருள் கருப்பு, கண்ணில் படுவது நீலம், பெயர் பச்சை. மூன்றையும் ஒரே கையில் சுமந்துகொண்டு அப்பத்தா மாடு கறந்துகொண்டிருந்தார்.

பெருமாளும் இப்படித்தான். மாயோன் என்றாலே கருநிறத்தவன். முகில்வண்ணன், கடல்வண்ணன், காயாம்பூ வண்ணன் என்று பாடினார்கள். தொண்டரடிப்பொடியாழ்வாருக்கு அவன் ‘பச்சைமா மலைபோல் மேனி’. காலண்டர் அச்சகங்கள் வந்த பிறகுதான் அவன் ஒரேயடியாக நீலமாகிப்போனான். கருப்பா, நீலமா, பச்சையா என்று ஆழ்வார்கள் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. இருண்டு, குளிர்ந்து, செழித்த ஒன்று என்பதுதான் சேதி. எங்கள் பக்கத்து வயலில் இன்றும் அந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறது. உரம் நன்றாகப் பிடித்த நெல்லைப் பார்த்து “பயிர் கருகருன்னு வந்திருக்கு” என்பார்கள். அது பச்சை என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லையே.

மாட்டுக்காரர்களின் சொற்கள் தனி. காங்கேயம் மாட்டில் மயிலை, செவலை, காரி என்று பிரிப்பார்கள். நகரத்துக் கண்ணுக்கு மயிலை என்பது சாம்பல் நிறம், அவ்வளவுதான். ஆனால் சட்டையையோ சுவரையோ மயிலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது மாட்டை விட்டு வெளியே வராத நிறம். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவந்துதான் இருக்கும். ஆறு மாதம் போல ஆனதும் மயிலைக்கு மாறும். அந்த மாற்றத்தையும் சேர்த்துத் தெரிந்தவனுக்கே அந்தச் சொல் முழுசாக அர்த்தமாகும். ஹோமர் ஒரே சொல்லைக் கடலுக்கும் எருதுக்கும் போட்டதை மாட்டுச்சந்தைக்குப் போய் வந்த யாரும் இவ்வளவு பெரிய புதிராக ஆக்கியிருக்க மாட்டார்கள்.

நிறம் பொருளை விட்டுக் கழன்று தனியாக நடமாட ஆரம்பித்தது சாயத்தினால் என்று நினைக்கிறேன். கிளாட்ஸ்டன் நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1856இல், வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் லண்டனில் க்வினைன் செய்யப்போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தான். முதல் செயற்கைச் சாயம். அதன்பின் எந்த நிறத்தையும் எந்தத் துணியிலும் ஏற்றலாம் என்றாகிவிட்டது. இலையில்லாமல் பச்சை, பூவில்லாமல் ஊதா. அந்த உலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஹோமரின் நிறங்களைத் தேடினால் கிடைக்கவா போகிறது?

சாயத்தின் ராஜ்யத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பட்டுப் புடவைக் கடைக்குப் போனால் போதும். கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் உருவான எம்.எஸ். ப்ளூ. சொல் பஞ்சம் என்ற பேச்சே அங்கில்லை. ஆனால் பெயர்கள் பாதிக்கு மேல் மறுபடியும் பொருளுக்கே திரும்பிவிட்டன, பாருங்கள். மயில் கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கையில் மடித்தால் பச்சை, விரித்தால் நீலம். நிஜ மயிலின் கழுத்திலும் நீலச் சாயம் என்று ஒன்று இல்லை. இறகின் நுண் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதம்தான் அந்த நீலம்.

அந்தக் கடையில் இன்னொன்றும் நடக்கும். பெரியம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். “வெளிச்சத்துல பாக்கணும்ப்பா.” ட்யூப்லைட்டுக்குக் கீழே ஜாக்கெட் துணியோடு கச்சிதமாகப் பொருந்திய அரக்கு, வெயிலில் இரண்டு வேறு அரக்காகப் பிரிந்து நிற்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் இருந்தாலும், வகை மூன்றே மூன்று. ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை விரியும் ஒளியை அந்த மூன்று வகையும் மூன்று அளவுகளாகச் சுருக்கித்தான் மூளைக்குச் சொல்கின்றன. இரண்டு துணியிலிருந்து வரும் ஒளிக் கலவை வேறுவேறாக இருந்தாலும், சுருக்கிய பிறகு மூன்று அளவும் ஒன்றாகிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். விளக்கு மாறினால் கலவை மாறும், குட்டு வெளிப்பட்டுவிடும். பெரியம்மாவுக்குக் கூம்பு செல் தெரியாது. வாசல் தெரியும்.

இவ்வளவு சுருக்கம் கண்ணிலேயே நடந்துவிடுகிறது. மொழி அதற்கு மேலே உட்கார்ந்து இன்னும் எதையாவது மாற்றுகிறதா? 2007இல் வெளியான ஒரு சோதனை உண்டு. ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு ‘கலுபோய்’, அடர் நீலத்துக்கு ‘சீனிய்’. இரண்டும் நமக்குச் சிவப்பும் மஞ்சளும் போலத் தனித்தனி நிறங்கள். நெருக்கமான நீலங்களில் மேலே ஒன்று, கீழே இரண்டு காட்டி, கீழே உள்ளவற்றில் எது மேலே உள்ளதைப் போன்றது என்று கேட்டபோது, இரு பெயர்களின் எல்லைக்கு இரண்டு பக்கமும் விழுந்த நீலங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த வேகம் இல்லை. வித்தியாசம் நொடியில் ஒரு சின்னப் பின்னம்தான். கூடவே, எண்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னபோது ரஷ்யர்களின் வேகமும் காணாமல் போனது. மனதுக்குள் பேசும் நாக்கை வேறு வேலையில் மாட்டிவிட்டால் எல்லைக்கல்லும் போய்விடுகிறது. கண்ணை மொழி மாற்றுவதில்லை. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று தோளைத் தொட்டுச் சொல்கிறது. அதற்கு மேல் மொழிக்கு மந்திர சக்தி கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

சங்கப் பாடல்கள் அந்தத் தோள்தட்டலுக்கு நல்ல சாட்சி. குறுந்தொகையின் 27ஆவது பாடலில் வெள்ளிவீதியார், தன் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறது என்கிறார். மாமை என்பது மாந்தளிரின் நிறம். இளம் மாந்தளிரைப் பார்த்திருப்பீர்கள்: செம்பு கலந்த பழுப்பு, தொட்டால் துவளும். அந்தச் செம்மை ஆந்தோசயனின் என்ற நிறமி தருவது. பச்சையம் அப்போது இன்னும் ஏறியிருக்காது. மரத்திலேயே ஆகப் பச்சையான, ஆக இளசான இலை, பச்சை நிறத்தில் இல்லை. உயிர் வாடிய மேனிக்கோ பசலை என்று பெயர். பச்சை என்றால் நிலை மட்டுமே, நிறமே இல்லை என்று நான் மேலே கொஞ்சம் வேகமாகச் சொன்னதை இந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். நிறமும் நிலையும் அந்தச் சொல்லில் பாலும் தண்ணீரும் போலக் கலந்தே வந்திருக்கின்றன.

பச்சையைத் தூய நிறமாக மட்டும் பார்க்கும் ஓர் இடம் இப்போது வயலுக்கே வந்துவிட்டது. இலை வண்ண அட்டை என்று பெயர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. அதுவும் பிலிப்பைன்ஸில்தான் இருக்கிறது. கையடக்கமான பிளாஸ்டிக் பட்டையில், மஞ்சள் கலந்த வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை நான்கோ ஆறோ கட்டங்கள். நெல் இலையின் நரம்பு போல மேலே வரி வரியாக இருக்கும். தழைச்சத்து குறைந்தால் பச்சையம் குறையும், இலை வெளிறும். அதை எண்ணாக்கிப் பார்ப்பதுதான் வேலை. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை. வயலில் அங்கங்கே பத்துப் பயிர், ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த மேல் இலை. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பல ரகங்களுக்கு 4 என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரம்பு சொல்கிறது. பத்தில் பாதிக்கு மேல் அதற்குக் கீழே போனால் யூரியா. கருகருவென்று இருக்கிறதே என்று மகிழ்ந்து அதற்கு மேலும் போட்டால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், பயிர் சாயும்.

எங்கள் ஊரில் ஒருவர் இந்த அட்டையை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல் பத்து மணிக்குள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் நிழலை இலைமேல் விழ வைத்து, இலையைப் பறிக்காமல் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பார்ப்பார். நேர் வெயிலில் பார்த்தால் எல்லாப் பச்சையும் ஒரு கட்டம் ஏமாற்றும் என்றார். பெரியம்மா வெயிலைத் தேடிப் போனார், இவர் நிழலைத் தேடுகிறார். நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கு நான்கு போலத் தெரிந்தது அவருக்கு மூன்றரை. “நீங்க சொன்னா சரியா இருக்காது தம்பி,” என்று அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசி வரை ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும் என்பது அந்த அட்டைக்கு விஞ்ஞானிகளே சொல்லிவைத்திருக்கிற விதி.